ரெண்டு நாள் கழிச்சு வர்ற அரிப்பு: எலியோட உள்ளங்கால் சொல்ற கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கி எடிட் செய்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு எங்க சித்தியோட கையில இருந்து ஆரம்பிக்குது.

சித்தி மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டியாபீஸ்ல ரொம்ப வருஷம் வேலை பார்த்தவங்க. வெளியூர்ல இருந்து கேக்கறவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கன்னியாகுமரி மாவட்டத்துல முந்திரிப் பழத்துக்குக் கொல்லாம்பழம்னு பேரு. கொட்டைக்கு அண்டி. அதை வறுத்து உடைச்சு பருப்பு எடுக்கற ஆலைதான் அண்டியாபீஸ். கல்குளம், விளவங்கோடு பக்கம் எத்தனையோ வீடுகள்ல அடுப்பு எரியறது இந்த வேலையை நம்பித்தான். செய்யறவங்க பெரும்பாலும் பெண்கள்.

அண்டித்தோட்டுக்குள்ள ஒரு கருப்பு எண்ணெய் இருக்கும். கையில பட்டா தோல் வெந்து கருத்துப் போகும். அதனாலதான் உடைக்கறவங்க கையில சாம்பலோ விளக்கெண்ணெயோ தடவிக்கிட்டு உக்காருவாங்க. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா சித்திக்கு வந்தது வேற மாதிரி. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒண்ணும் இல்ல. கொஞ்ச நாள் போனதும் எண்ணெய் லேசா தெறிச்சாலே போதும், அன்னைக்கு ஒண்ணும் ஆகாது, அடுத்த நாளும் பெருசா தெரியாது.

"ரெண்டு நாளு கழிஞ்சுதான் மக்கா தொடங்கும். அன்னைக்கு ராத்திரி எனக்க கைய எனக்கே வெட்டிப் போடலாமான்னு இருக்கும்" அப்படிம்பாங்க.

சின்னச் சின்னக் கொப்புளம், சிவப்பு, நீர் வடியுறது, தாங்க முடியாத அரிப்பு. பாத்தவங்க எல்லாரும் ஒரே வைத்தியம்தான் சொன்னாங்க. "ஒனக்க ஒடம்புல எதிர்ப்பு சக்தி இல்ல. லேகியம் வாங்கித் தின்னு." சித்தியும் வாங்கினாங்க. கூலியில ஒரு பங்கு அந்த டப்பாவுக்கே போச்சு.

அந்த அறிவுரை சரியா? சித்தி உடம்புல நிஜமாவே எதிர்ப்பு சக்தி குறைவா இருந்ததா? இதுக்குப் பதில் தேடிப் போனா வழி நேரா ஒரு சுண்டெலியோட உள்ளங்காலுக்குப் போகுது. வாங்க போவோம்.

நிமிஷத்துல வர்றது, நாள் கணக்குல வர்றது

முதல்ல ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுக்குவோம். அண்டி எண்ணெய் நிறைய பட்டு தோல் வேகறது நேரடிப் புண். அது யாருக்கும் வரும். எதிர்ப்பு சக்திக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ரெண்டு நாள் கழிச்சு வர்ற அரிப்பு வேற. அது எல்லாருக்கும் வராது. முதல் தடவை பட்டதுமே வராது. உடம்பு அந்தப் பொருளை ஒரு தடவை பாத்து, ஞாபகம் வெச்சுக்கிட்டு, அடுத்த தடவை பாக்கும்போது சண்டைக்கு வர்றது அது.

அலர்ஜின்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது இறால் சாப்பிட்டதும் தடிப்பு வர்றது, தூசி பட்டதும் தும்மல் வர்றது. அதெல்லாம் நிமிஷக் கணக்கு. அங்க வேலை செய்யறது ஆன்டிபாடிகள். ஏற்கெனவே தயாரா இருக்கற புரதங்கள், பொருள் வந்ததும் பிடிச்சுக்கும், உடனே அலாரம் அடிக்கும்.

அண்டி எண்ணெய்ல நடக்கறது மெதுவான வேலை. எண்ணெய்ல இருக்கற அனகார்டிக் அமிலம், கார்டால் மாதிரியான சின்ன மூலக்கூறுகள் தோலுக்குள்ள இறங்கி நம்ம சொந்தப் புரதங்களோட ஒட்டிக்குது. தோல்ல காவல் இருக்கற செல்கள் இந்த 'வேஷம் மாறின' புரதத்தை எடுத்துக்கிட்டு பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் போகும். கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல நெறி கட்டும் இல்லையா, அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. அங்க டி செல்னு ஒரு வகை வெள்ளணு அதை அடையாளம் கண்டு பெருகும். இந்த முதல் பாடத்துக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். அடுத்த தடவை எண்ணெய் பட்டா, பாடம் படிச்ச டி செல்கள் ரத்தம் வழியா வந்து, அந்த இடத்துல கூடி, மத்த செல்களையும் கூப்பிட்டு கலாட்டா பண்ணணும். அதுக்குத்தான் ஒண்ணுல இருந்து மூணு நாள். பாடப்புத்தகம் இதைத் தாமத மிகையுணர்வுன்னு சொல்லுது.

இது சித்திக்கு மட்டும் வந்த வினையும் இல்ல. கொல்லாமரம், மாமரம், சேங்கொட்டை மூணும் ஒரே தாவரக் குடும்பம். சிலருக்கு மாங்காய்ப் பால் பட்டா வாயோரம் வெந்து போறது ஞாபகம் இருக்கா? கிட்டத்தட்ட அதே ரசாயன வகையறா. அந்தக் காலத்துல சலவைத் தொழிலாளிகள் துணி மாறிடாம இருக்க சேங்கொட்டைச் சாறால குறி போடுவாங்க. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்துப் பின்னாடி, இடுப்புல, சரியா அந்தக் குறி படற இடத்துல மட்டும் கொப்புளம் வந்தது. 1943ல டாக்டர்கள் அதை எழுதி வெச்சாங்க. 'தோபி குறி' தோல் நோய்னே அதுக்குப் பேரு.

ரத்தமா, செல்லா?

இந்தத் தாமதக் கோபத்தைச் சுமந்துக்கிட்டுத் திரியறது யாரு? 1940கள் வரைக்கும் தெரியாது. ஆன்டிபாடி ரத்த சீரத்துல மிதக்கறதுன்னு தெரியும். அதனால ஒரு விலங்கோட சீரத்தை இன்னொண்ணுக்குக் கொடுத்தா அலர்ஜியும் கூடவே போகணும். உடனடி வகை அப்படிப் போச்சு. தாமத வகை போகல. 1942ல நியூயார்க்குல கார்ல் லாண்ட்ஸ்டைனரும் (ரத்த வகைகளைக் கண்டுபிடிச்ச அதே ஆள்) மெரில் சேஸும் கினிப் பன்றிகள்ல சீரத்துக்குப் பதிலா வெள்ளணுக்களை மாத்திப் பாத்தாங்க. போச்சு! ரசாயனத்தைப் பாத்தே இராத கினிப் பன்றி, வெள்ளணு வாங்கினதும் அந்த ரசாயனத்துக்குத் தோல் சிவந்து நின்னது.

அப்போதான் தெரிஞ்சது, நம்ம பாதுகாப்புக்கு ரெண்டு கை. ஒரு கை திரவத்துல மிதக்கற ஆன்டிபாடி. இன்னொரு கை, தானே நேர்ல வந்து நிக்கற செல். 1961ல ஜாக் மில்லர் பிறந்த சுண்டெலிக் குட்டிகள்ல தைமஸ் சுரப்பியை எடுத்துட்டுப் பாத்தார். செல் கை ஏறக்குறைய படுத்துடுச்சு. டி செல்லுல இருக்கற 'டி' அந்தத் தைமஸ்ல இருந்து வந்ததுதான்.

எலியின் உள்ளங்கால்

சரி, ரெண்டு கையும் எவ்வளவு பலமா இருக்குன்னு எப்படி அளக்கறது? நம்ம ஊர் பார்மசி காலேஜ் லேப்கள்ல இன்னைக்கும் செய்யற ஒரு பரிசோதனை இருக்கு. கருவி பெருசா ஒண்ணும் வேண்டாம். செம்மறி ஆட்டு ரத்தம், வெள்ளை சுண்டெலி, பிளஸ் டூ பிசிக்ஸ் லேப்ல நாம பிடிச்ச வெர்னியர் காலிப்பர் மாதிரி ஒரு அளவுகோல்.

ஏன் ஆட்டு ரத்தம்? எலிக்கு அது முழுக்க அந்நியம். ஆனா கிருமி இல்ல, பெருகாது, நோய் தராது. ரெண்டு கையையும் ஒரே சமயத்துல தூண்டும்.

ஆட்டுச் சிவப்பணுக்களைக் கழுவி எலிக்கு ஊசி போடறாங்க. அதுதான் முதல் பாடம். ஒரு வாரம் போல காத்திருக்கறாங்க. அப்புறம் அந்த எலியோட ஒரு துளி ரத்தத்தை எடுத்து சீரத்தைப் பிரிச்சு, பாதி பாதியா நீர்க்கறாங்க. ரெண்டுல ஒண்ணு, நாலுல ஒண்ணு, எட்டுல ஒண்ணு, இப்படியே போகும். ஒவ்வொரு குழியிலயும் ஆட்டுச் சிவப்பணு கொஞ்சம் விடறாங்க. ஆன்டிபாடி இருந்தா அணுக்களைக் கோத்து விரிச்சுப் பாய் மாதிரி பரப்பிடும். இல்லைன்னா அணுக்கள் அடியில உருண்டு ஒரு சிவப்புப் பொட்டா நிக்கும். எத்தனை தடவை நீர்த்தும் பாய் விரியுதோ, அவ்வளவு ஆன்டிபாடி. ஒரு கை அளந்தாச்சு.

அடுத்தது இன்னொரு கை. அதே ஆட்டுச் சிவப்பணுவை எலியோட ஒரு உள்ளங்கால்ல துளி போடறாங்க. ஒரு நாள் கழிச்சு அந்தக் கால் எவ்வளவு தடிச்சிருக்குன்னு மில்லிமீட்டர் கணக்குல அளக்கறாங்க. அந்த வீக்கம்தான் தாமத மிகையுணர்வு. சித்தியோட கை ரெண்டு நாள் கழிச்சு வீங்கின அதே கதை, எலியோட காலுல.

துளசி, சீந்தில், அமுக்கரா எல்லாம் இந்தப் பரிசோதனைக்குள்ள போய் வந்தவைதான். ஒரு கூட்டம் எலிக்கு மூலிகைச் சாறு, ஒரு கூட்டத்துக்கு வெறும் தண்ணி, ஒப்பிட்டுப் பாக்க லெவமிசோல்னு ஒரு மருந்து இன்னொரு கூட்டத்துக்கு. மூலிகை கொடுத்த எலிக்குக் கால் வீக்கமும் ஆன்டிபாடியும் கூடினா, 'நோய் எதிர்ப்புத் திறனை மாற்றியமைக்கிறது'ன்னு கட்டுரை எழுதுவாங்க. விளம்பரத்துக்கு வரும்போது அதுவே 'இம்யூனிட்டி பூஸ்டர்' ஆயிடும்.

இந்த எலிகளுக்கு வலிக்கும் மக்களே. அதை மறைக்க வேண்டாம். நெறிமுறைக் குழுவோட அனுமதி இல்லாம இந்தியாவுல இதைச் செய்யக் கூடாதுன்னு சட்டம் இருக்கறதே அதுக்காகத்தான். ஒரு உயிரை வலிக்க வெச்சு ஒரு எண் எடுத்தா, அந்த எண் என்ன சொல்லுது, என்ன சொல்லலைன்னு ஒழுங்கா படிக்கற கடமையாவது நமக்கு இருக்கு.

தராசு

எண்ணைப் படிக்கறதுலதான் ஒரு சிக்கல். 1974ல அமெரிக்காவுல மெக்கானஸ் குழு இந்த ஆட்டு ரத்த எலிகளை வெச்சு ஒரு வேலை செஞ்சாங்க. ரத்தக்குழாய் வழியா கொஞ்சமா, ஒரு லட்சம் அணு போல கொடுத்தா உள்ளங்கால் நல்லா வீங்குது. அளவை நூறு கோடிப் பக்கம் ஏத்தினா ஆன்டிபாடி எகிறுது, வீக்கம் அடங்கிடுது. ஒரே ஆட்டு ரத்தம், ஒரே எலி. ஒரு கை எழும்பும்போது இன்னொரு கை தாழுது.

காரணம் 1986ல தெரிஞ்சது. டிம் மோஸ்மனும் ராபர்ட் காஃப்மனும் எலிகளோட உதவி டி செல்கள்ல ரெண்டு ரகம் இருக்கறதைக் காட்டினாங்க. முதல் ரகம் இன்டர்ஃபெரான் காமா சுரக்கும். அது செல் கையைத் தூண்டி வீக்கத்தைக் கொண்டு வரும். ரெண்டாவது ரகம் இன்டர்லூக்கின் 4 சுரந்து ஆன்டிபாடிப் பக்கம் தள்ளும். ஒண்ணு பலமானா இன்னொண்ணை அமுக்கும். மனுஷங்கள்ல இவ்வளவு சுத்தமா பிரியறது இல்ல, கலந்துதான் இருக்கும். ஆனா அடிப்படை தராசு நம்மகிட்டயும் உண்டு.

அப்போ 'எதிர்ப்பு சக்தி கூடுது'ன்னு சொன்னா, எந்தக் கை?

தராசு மனுஷ உடம்புல

எந்தக் கைங்கறது ஏதோ லேப் சண்டைன்னு நினைச்சுடாதீங்க. ஒரு ஆளோட விரல் மிஞ்சுமா போகுமாங்கறதையே அது தீர்மானிக்கும். தொழுநோய் அப்படிப்பட்ட நோய்.

எங்க மாவட்டத்துக்கு இந்த நோய் அந்நியம் இல்ல. 1838ல இருந்து மருத்துவப் பணி நடந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி தொழுநோயாளிகளையும் பார்த்துக்கிட்ட இடம். 1922லயும் 1924லயும் எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சாமர்வெல், மலையை விட்டுட்டு வந்து டாக்டரா வேலை பார்த்தது அங்கதான்.

தொழுநோய்க் கிருமி பெரும்பாலானவங்களை ஒண்ணும் செய்யாது. நோய் வர்றவங்கள்ல ஒரு கோடியில இருக்கறவங்களுக்கு உடம்புல ஒன்றிரண்டு தேமல் மட்டும் இருக்கும், தொட்டா உணர்ச்சி இருக்காது. கிருமி தேடினாலும் கிடைக்கறது கஷ்டம். இன்னொரு கோடியில இருக்கறவங்களுக்கு உடம்பு முழுக்க முடிச்சு முடிச்சா தோல் தடிச்சு, கோடிக்கணக்குல கிருமி. 1966ல ரிட்லியும் ஜாப்ளிங்கும் இதை அஞ்சு படியா வரிசைப்படுத்தினாங்க. கிருமி ஒண்ணுதான். வித்தியாசம் உடம்பு எந்தக் கையை நீட்டுதுங்கறதுல.

கொன்ன தொழுநோய்க் கிருமியைத் தோல்ல ஊசி போட்டு சில வாரம் கழிச்சு வீக்கம் பாக்கற பழைய பரிசோதனை உண்டு. தேமல்காரங்களுக்கு வீங்கும். முடிச்சுக்காரங்களுக்கு வீங்காது. ஆனா அவங்க ரத்தத்துல ஆன்டிபாடி ஏராளமா இருக்கும்! ஏன் காப்பாத்தல? கிருமி ஒளிஞ்சிருக்கறது செல்லுக்குள்ள. திரவத்துல மிதக்கற ஆன்டிபாடிக்கு அங்க கதவு கிடையாது. வீட்டுக்குள்ள திருடன் இருக்கும்போது தெருவுல ஆயிரம் போலீஸ் நின்னு என்ன பிரயோஜனம்?

அப்போ செல் கைதான் நல்ல கை, அதைக் கூட்டினா போதும்னு தோணும். அங்கயும் ஒரு வலி இருக்கு. அந்தக் கை கிருமியை அடிக்கும்போது, கிருமி குடியிருக்கற நரம்பையும் சேத்து அடிக்கும். மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே சிலருக்குத் திடீர்னு தேமல் சிவந்து வீங்கும், நரம்பு வலிக்கும், கை மடங்க ஆரம்பிக்கும். செல் கை திடீர்னு வேகம் எடுக்கறதால வர்றது இது. இன்னும் சிலருக்கு ஆன்டிபாடியும் கிருமித் துண்டுகளும் சேந்து படிஞ்சு, காய்ச்சலோட வலிக்கற முடிச்சுகள் வரும். ரெண்டுக்கும் டாக்டர் கொடுக்கறது எதிர்ப்பு சக்தியைக் கூட்டற மருந்து இல்ல. அதை அடக்கற மருந்து, பல நேரம் ஸ்டீராய்டு. உடனே போனா கை பிழைக்கும். 'மருந்து சூடு'ன்னு நிறுத்திட்டு வீட்டுல இருந்தா நிரந்தரமா மடங்கிடலாம்.

இதைக் கேக்கறவங்க ஒரு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க. அரிப்பு இல்லாத, தொட்டா தெரியாத, நிறம் வெளுத்த தேமல் உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ இருந்தா, கூச்சப்படாம அரசு ஆஸ்பத்திரியில காட்டுங்க. மருந்து இலவசம். முழுசா குணமாகும்.

வீங்கினா ஜெயிச்சாச்சா?

இன்னும் ஒரே ஒரு படி. வீக்கம் வந்தா பாதுகாப்பும் வந்துடுச்சுன்னு அர்த்தமா? இதுக்குத் தமிழ்நாடே பதில் சொல்லியிருக்கு. 1968ல அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துல, திருவள்ளூர் பக்கம், காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி வேலை செய்யுதான்னு ஒரு மாபெரும் பரிசோதனை தொடங்கினாங்க. இரண்டரை லட்சத்துக்கும் மேல ஆட்கள். பாதுகாப்பை அளக்கறதுக்கு முன்னால, முன்கையில டியூபர்குலின் ஊசி போட்டு மூணு நாள் போல கழிச்சு வீக்கத்தை அளந்தாங்க. ஆமா, அதே தாமத மிகையுணர்வு. பிசிஜி போட்டவங்களுக்கு வீக்கம் ஜோரா வந்தது. ஆனா வருஷக்கணக்கா பாத்தப்போ, பெரியவங்களோட நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கல. 1979ல முதல் முடிவு வந்தப்போ உலகமே அதிர்ந்து போச்சு. (குழந்தைகளுக்கு வர்ற கடுமையான காசநோய் வகைகளுக்கு பிசிஜி உதவுது. பிறந்ததும் போடறது அதுக்குத்தான். அதைத் தவிர்க்காதீங்க.)

'எனக்கு இந்தப் பொருளைத் தெரியும்'னு உடம்பு சொல்றதுதான் வீக்கம். 'நான் உன்னைக் காப்பாத்துவேன்'ங்கற வாக்குறுதி அது இல்ல. எலியோட கால் தடிச்சதுக்கும் இது பொருந்தும்.

அதனால அடுத்த தடவை 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும், ஆய்வில் நிரூபணம்'னு ஒரு டப்பாவைப் பாத்தா மூணு கேள்வி கேளுங்க. எந்தக் கை கூடிச்சு? யாருக்கு, எலிக்கா மனுஷனுக்கா? நோய் வர்றது நிஜமாவே குறைஞ்சதா, இல்ல கால் மட்டும் வீங்கிச்சா? மருந்துவாழ் மலை நிக்கற மண்ணுக்காரங்க நாங்க. மூலிகை மேல எங்களுக்கு மரியாதை ஜாஸ்தி. அந்த மரியாதையாலதான் கேக்கறோம்.

இப்போ சித்திகிட்ட திரும்புவோம். அவங்க உடம்புல எதிர்ப்பு சக்தி இல்லைன்னு சொன்னவங்க நேர் எதிரா சொல்லியிருக்காங்க. செல் கை நல்லா ஞாபகம் வெச்சுக்கிட்டு, அப்பாவி எண்ணெயை எதிரின்னு நினைச்சு, முழு பலத்தோட அடிச்சதுதான் அந்தக் கொப்புளம். அவங்களுக்கு அன்னைக்குத் தேவைப்பட்டது லேகியம் இல்ல. எண்ணெய் கையில படாம ஒரு நல்ல கையுறை, அரிப்பு வந்த நாள்ல ஒரு தோல் டாக்டர், கூலி பிடிக்காத ரெண்டு நாள் லீவு.

போன மாசம் ஊருக்குப் போனப்போ இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

"அப்பம் எனக்க ஒடம்பு மோசம் இல்லல்லா?"

இல்ல சித்தி. ஒருநாளும் இல்ல.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு கை இருக்கும். இந்த எபிசோடை அவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க. அடுத்த எபிசோடுல பாப்போம். வரட்டுமா மக்களே.